மாடித் தளமும் மழையும்



உங்கள் வீட்டில் நீங்கள் நன்கு அறிந்த இடம் எது என்று கேட்டால், கூடம் என்பீர்கள். படிக்கும் அறை என்பீர்கள். மொட்டை மாடி என்று கூறுவோரும் சிலர் இருப்பர். பட்டம் விட்டவர்களும், தேர்வுக் காலத்தில் புத்தகமும் கையுமாக அங்கே உலாவியவர்களும் அவர்கள். ஆயினும், அந்த மாடித் தளம் எவற்றால் ஆனது, எத்தனை அடுக்குகளை உடையது, அதன்மேல் விழும் மழைநீர் எந்த வழியாகக் கீழிறங்குகிறது என்று வினவினால், உங்களில் பெரும்பாலோர் விழிப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஏழு வயதில் ஒரு தளம் போடப்படுவதை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அருகிருந்து கண்டவன். நாற்பத்தாறு வயதில், என் பொறுப்பில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்தை என் கவனக்குறைவால் இழந்தவன். இவ்விரண்டையும் உங்களிடம் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓட்டுக் கூரையும் கீற்றுக் கூரையும் செங்குத்தான சரிவு உடையவை. விழுந்த நீர் நிற்க வழியின்றி ஓடிவிடும். மாடித் தளமோ பார்வைக்குத் தட்டையானது. உண்மையில் அது தட்டையன்று. பத்தடி நீளத்துக்கு இரண்டு முதல் மூன்று அங்குலம் தாழ்ந்து, தூம்புவாயை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வைத்தான் கொத்தனார்கள் 'வாட்டம்' என்பர். "வாட்டம் பார்த்துப் போடு" என்று அவர்கள் சொல்லும் மூன்று சொற்களில் மாடித் தளத்தின் ஆயுள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. வாட்டம் சிறிதாக இருப்பதால், அதை ஒரு கைப்பிடி சருகும் தடுத்துவிடும். ஓரங்குல மேடும் மாற்றிவிடும். சரிந்த கூரைக்கு இந்தத் தொல்லை இல்லை. குறைந்த சரிவுடைய கூரைக்கு மனிதனின் கவனம் ஆண்டுதோறும் வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுவே.

1966 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை புதிதாகக் கட்டினார்கள். அதற்குப் போடப்பட்டது 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும் பழைய முறைத் தளம். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாகப் பொருத்தினார்கள். அவற்றின்மேல், ஆறங்குல நீளமும் மூன்றங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். கீழே சாரப் பலகை எதுவும் இல்லை. ஒட்டிய கல் கீழே விழாமல் எப்படி நிற்கிறது என்று நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைக் கல் பின்வரிசைக் கல்லைத் தாங்க, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அந்த மூலைவாட்ட வரிசைகள் தம்மைத் தாமே பிடித்துக்கொள்கின்றன என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். சென்னையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் இன்றும் அண்ணாந்து பார்த்தால் அந்தச் சாய்ந்த செங்கல் வரிசைகளைக் காணலாம்.

இதற்கு மேல்தான் உண்மையான வேலை தொடங்கியது. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பினார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி அமர்ந்து, கைக்கு அடக்கமான மரக்கட்டைகளால் அதனைத் தட்டத் தொடங்கினார்கள். ஒருத்தி பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாட, தட்டும் ஓசையே தாளமாயிற்று. இடையிடையே கடுக்காய் ஊறிய நீரையும் வெல்ல நீரையும் தெளித்தார்கள். தளத்தின்மேல் வெல்லம் தெளிப்பதைக் கண்டு, எறும்புகளுக்கு முன்னதாக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தீங்கில்லை. நாள்கணக்கில் தட்டினார்கள். முதலில் மந்தமாகக் கேட்ட ஓசை, நாள் செல்லச் செல்லக் கணீரென்று மாறியது. கட்டை தளத்தில் பட்டதும் துள்ளி எழும்பியது. அப்போதுதான் மேஸ்திரி 'போதும்' என்றார். அதன்மேல் தட்டோடு பதித்து, இணைப்புகளைச் சாந்தால் அடைத்து முடித்தார்கள்.

வேதியியல் பயிலும் மாணவர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுட்டால், கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. நீர் ஊற்றினால் அது கொதித்துப் பூத்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சாந்தாகக் கட்டடத்தில் ஏறிய பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு, தான் பிறந்த கல்லின் நிலைக்கே திரும்புகிறது. இது ஒரு வாரத்தில் முடியும் செயலன்று; ஆண்டுக்கணக்கில் நடப்பது. சிமெண்டு விரைந்து இறுகிக் கடினமாகும். சுண்ணாம்போ சற்று வளைந்து கொடுக்கும். மயிரிழை போன்ற வெடிப்புகளில் நீர் ஊறும்போது, சிறிதளவு சுண்ணாம்பு கரைந்து மீண்டும் அங்கேயே படிந்து, வெடிப்பைத் தானே மூடிக்கொள்வதும் உண்டு. ஆதலின் பழைய சுண்ணாம்புத் தளத்தின்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் பூசுவது, வேட்டியின் கிழிசலில் தகரத்தை வைத்துத் தைப்பது போன்றது. இரண்டும் ஒருபடித்தாக நீள்வதில்லை, சுருங்குவதில்லை. ஓரிரு கோடைகளில் அப்பூச்சு பெயர்ந்து, அதனடியில் நீர் புகுந்து தங்கும்.

வெயில் ஒரு தளத்தை என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். கான்கிரீட் ஒரு பாகை வெப்பம் ஏறும்போது, தன் நீளத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு நீளும். ஒன்பது மீட்டர் நீளமுள்ள தளம் பகலுக்கும் இரவுக்கும் இடையே 25 பாகை மாறுமானால், அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்குகிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். கோடை முழுவதும் நாள் தவறாமல் நடக்கும் இழுபறி அது. இந்த இழுபறி முதலில் வெளிப்படும் இடம் தளமும் கைப்பிடிச் சுவரும் கூடும் மூலை. என் அனுபவத்தில் ஒழுகும் மாடிகளில் பெரும்பாலானவை நடுவில் ஒழுகுவதில்லை, ஓரத்தில்தான் தொடங்குகின்றன. அந்த மூலையைச் செங்கோணமாக விடாமல், சாந்தினால் வளைத்துத் திரட்டிவிட வேண்டும். கோடையில் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கத்தைச் சிலர் அழகுக்காக என்று நினைக்கின்றனர். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. தளம் குறைவாகச் சுடுகிறது. குறைவாகவே நீண்டு சுருங்குகிறது. அறைக்குள் உறங்குவோருக்கும் அதனால் நன்மை உண்டு.

இனி மழைக்கு வருவோம். ஆயிரம் சதுர அடிப் பரப்பில் பத்துச் சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 9,000 லிட்டருக்கு மேல். ஒரு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடற்கரை மாவட்டங்களில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது புதுமையன்று. அவ்வளவு நீரும் இரண்டு மூன்று தூம்புவாய்களின் வழியாக இறங்கியாக வேண்டும்.

இறங்கவில்லையென்றால் என்ன ஆகும்? அதை நான் கண்டேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றின் வடக்குக் கட்டடம், விடுதலைக்கு முற்பட்டது. தேக்குக் கட்டையும் செங்கல்லும் கொண்ட பழைய தளம். இருபதடிக்கு இருபத்தைந்தடி அளவுள்ள ஆறாம் வகுப்பு அறையில், 2001 ஆம் ஆண்டு மழையில் வடக்கு ஓரமாக ஒழுகியது. ஒழுகும் இடத்தைத் தேடிக் கண்டு, அங்குள்ள பழுதை எடுத்துச் சரி செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் வந்த கொத்தனார், "இருக்கிற தட்டோட்டுக்கு மேலேயே இன்னொரு வரிசை பதிச்சிட்டா தீர்ந்தது சார்" என்றார். செலவு குறைவு, வேலையும் விடுமுறைக்குள் முடியும். நான் சம்மதித்தேன். அடுத்த ஆண்டு ஒழுகவில்லை. என் நிருவாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் செய்தது என்ன என்பதைப் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன். தட்டோடும் சாந்துமாக ஒன்றரை அங்குலக் கனம். ஐந்நூறு சதுர அடி. ஏறத்தாழ மூன்றரை டன். அவ்வளவு புதிய சுமையை, எத்தனையோ ஆண்டுகளாக உழைத்துவிட்ட தேக்குக் கட்டைகளின்மேல் ஏற்றி வைத்தேன். அது மட்டுமன்று. தளம் ஒன்றரை அங்குலம் உயர்ந்தது, தூம்பு உயரவில்லை. புதிய வரிசை தூம்புவாயைப் பாதி மறைத்துவிட்டது. வாட்டம் கெட்டது. வடக்குச் சுவரோரம் ஒவ்வொரு மழைக்கும் நீர் தேங்கியது. மேல்வரிசை புதிதாக இருந்ததால் நீர் அறைக்குள் ஒழுகவில்லை, சுவருக்குள் ஊறியது. கட்டைகளின் முனைகள் புதைந்திருந்தது அந்தச் சுவருக்குள்தான். மரத்தில் ஈரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி நிலைத்தால் உளுக்கச் செய்யும் பூஞ்சணம் பற்றும் என்பர். நடுவில் இரும்பு போல் இருந்த தேக்கு, கண்ணுக்குத் தெரியாத முனையில் நான்காண்டு காலம் மக்கிக்கொண்டிருந்தது. ஒழுகும் வீடு உரக்கச் சொல்லும்; ஊறும் வீடு சொல்லாது.

2005 ஆம் ஆண்டின் மழையை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. மழை தொடங்குமுன் பள்ளிக் காவலர் என்னிடம் வந்து, "சார், வடக்குத் தூம்பு அடைச்சிருக்கு, மேலே தண்ணி நிக்குது" என்றார். காலாண்டுத் தேர்வுக் கணக்குகளில் மூழ்கியிருந்த நான், "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றேன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. அத்தளத்தின் பாதிப் பரப்பில் இரண்டங்குல நீர் நின்றாலே ஏறக்குறைய 1,200 கிலோ. முன்பு நான் ஏற்றி வைத்த மூன்றரை டன்னுக்கு மேல் அது வேறு.

ஒரு நாள் பிற்பகல் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, என் அறை வாயிலில் வந்து நின்றாள். குறிப்பேட்டை அழுக்காக்கியதற்காக ஆசிரியர் அவளை வெளியே அனுப்பியிருந்தார். குறிப்பேட்டை விரித்துக் காட்டி, "நான் பண்ணல சார், மேலேருந்து மண்ணு விழுது சார்" என்றாள். பக்கத்தின் நடுவே சிவப்புச் செங்கல் தூளும், அதனுடன் கருகிய நிறத்தில் மரத்தூளும் கிடந்தன. அந்த மரத்தூளைக் கண்டதும் எனக்குள் ஏதோ உறைந்தது. சென்று அண்ணாந்து பார்த்தேன். வடக்குச் சுவரில் இரண்டு கட்டைகள் நுழையும் இடத்தில், சுண்ணாம்புப் பூச்சில் பிறைவடிவில் ஒரு வெடிப்பு. கட்டைகள் சிறிது இறங்கியிருந்தன. நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் அந்தக் கணமே தாழ்வாரத்துக்கு மாற்றி, அறையைப் பூட்டினேன். இரண்டாம் நாள் இரவு, வடக்குப் பகுதித் தளம் விழுந்தது. மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது, அவள் அமர்ந்திருந்த பலகையின்மேல் செங்கல்லும் ஜல்லியும் இடுப்பளவு கிடந்தன.

யாருக்கும் ஊறு நேரவில்லை. ஆனாலும் பல இரவுகள் நான் உறங்கவில்லை. அந்தச் சிறுமியிடம் அவள் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவளுக்கு எதற்கென்று முழுவதும் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

அதன் பிறகே மாடித் தளத்தை ஒரு பாடமாகக் கற்றேன். கற்றவற்றில் உங்களுக்குப் பயன்படக் கூடியவற்றைக் கூறுகிறேன்.

தளத்தைப் பார்க்க உகந்த காலம் ஆனியும் ஆடியும். ஐப்பசியில் ஏணி தேடுவது வீண். அப்போது கொத்தனாரும் கிடைக்கமாட்டார், சாந்தும் காயாது. மேலே ஏறியதும் முதலில் துடைப்பத்தால் கூட்டுங்கள். கூட்டாத தளத்தில் வெடிப்பு தெரியாது. பின்னர், மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் பார்த்தால், நீர் வடிந்த பின்னும் ஈரம் திட்டாக நிற்கும் இடங்கள் தாமாகவே தெரியும். அவற்றைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். கறுத்த பாசி படிந்த இடமும் நீர் நிற்கும் இடமே.

அறைக்குள் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நீர் ஓரிடத்தில் புகுந்து, கட்டை வழியாகவோ கம்பி வழியாகவோ பல அடி நடந்து, வேறோரிடத்தில் சொட்டும். தூம்பை அடைத்துத் தளத்தில் நீரைத் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. கான்கிரீட் தளத்துக்கு அது பொருந்தலாம். அதுவும் பொறியாளர் ஒருவரைக் கேட்ட பிறகு. பழைய மரக்கட்டைத் தளத்தில் அதைச் செய்யவே கூடாது. ஏன் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அங்கே தாழ்ந்த பகுதியிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக மேல்நோக்கி நீரூற்றிப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

தட்டோட்டு இணைப்பில் சாந்து பெயர்ந்திருந்தால், அதன்மேலேயே பூசுவது பயனற்றது. பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, தூசியை நீக்கி, நனைத்து, பின்னர் புதுச் சாந்தை அழுத்தி நிரப்பி, ஒரு வாரமாவது ஈரச் சாக்கிட்டு நனைத்து வர வேண்டும். தட்டோட்டை விரல் மொட்டால் தட்டிப் பாருங்கள். பிடிப்புள்ளது ஒருவிதமாகவும், அடியில் பிடிவிட்டது பொள்ளலாகவும் ஒலிக்கும். எங்கள் வீட்டு மேஸ்திரி ஓசை கேட்டு 'போதும்' என்றாரே, அதே செவிதான் பழுதறியவும் வேண்டும்.

கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றைப் பற்றி ஒரு சொல். பறவை எச்சத்தில் வந்த விதை அது. இரண்டு இலை விட்டிருக்கும்போது ஒரு விரலால் எடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு அதை இழுத்தால் இலை கையோடு வரும், வேர் உள்ளேயே இருக்கும்; மேலும் தழைக்கும். வேர் ஊன்றிவிட்டால் அவ்விடத்துச் சாந்தைப் பிரித்து, வேரை முழுவதும் எடுத்து, மீண்டும் கட்ட வேண்டும். சிலர் அரசமரத்தை வெட்டுவது பாவம் என்று தயங்குவர். பெயர்த்தெடுத்துக் குளக்கரையில் நட்டுவிடுங்கள். மரமும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும்.

இன்று நம் வீடுகளில் பெரும்பாலானவை கான்கிரீட் தளங்கள். மரம் மக்குவதற்குப் பதில் அங்கே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. ஆகவே உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. கூரையின் அடியில் பூச்சு உப்பிப் பெயர்ந்தால், அதற்குமேல் மறுபடியும் பூசி வண்ணமடிப்பது நோயை மறைப்பதேயன்றி வேறன்று. கான்கிரீட்டின் மேலும் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடுவது நம் நாட்டு வழக்கம். அந்த மேலடுக்கைத்தான் இக்காலத்தில் நாமே துளைத்துவிடுகிறோம். தொலைக்காட்சிக் குடைக்கு நான்கு திருகாணி, சூரிய ஒளித் தகட்டுக்கு எட்டுத் திருகாணி என்று துளையிட்டு, துளையின் ஓரத்தை அடைக்காமல் போய்விடுகின்றனர். மேல்நிலைத் தொட்டி நாள் முழுதும் சொட்டுவதையும் யாரும் கவனிப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் பெய்யும் மழை அது.

2003 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது, தூம்புகள் பலவற்றுக்குக் குழாய் பூட்டப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் முன்பு தூம்பு அடைத்தால் தெருவில் நின்றே தெரியும். குழாய்க்குள் அடைத்தால் தெரிவதில்லை. எனவே குழாயின் வாயில் ஒரு கம்பி வலை வைத்து, அந்த வலையையும் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது.

விழுந்த கட்டடத்தின் மற்ற அறைகளில் மேல்வரிசைத் தட்டோட்டை உரித்தெடுத்தோம். எஞ்சிய கட்டைகளின் முனைகளைக் குத்தூசியால் குத்திப் பார்த்து, மக்கியவற்றை மாற்றி, சுவருக்குள் முனையைச் சுற்றிக் காற்றுப் புக இடம் விட்டுப் பொருத்தினோம். 2006 ஆம் ஆண்டு முதல் நான் ஓய்வு பெறும்வரை, ஆனி மாதத்தின் ஒரு சனிக்கிழமை, காவலரும் நானும் ஏணி வைத்து ஏறினோம். கீழே இருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறியதில்லை. நீங்களும் பெரியவர் துணையின்றி ஏறாதீர்கள். முதல் ஆண்டில் வடக்குத் தூம்பிலிருந்து நாங்கள் எடுத்தவை இவை: இரண்டு கூடைச் சருகு, மூன்று ரப்பர் பந்து, ஒற்றைச் செருப்பு ஒன்று, பாதி கட்டி விடப்பட்ட ஒரு காக்கைக் கூடு. பந்துகளைத் திங்கட்கிழமை காலை வணக்கத்தின்போது மேசைமேல் வைத்தேன். உரியவர்கள் எவரும் முன்வரவில்லை. மாலையில் மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது, மேசை வெறுமையாக இருந்தது.